கிடங்கில் பூக்காத பூ

பூமாரியின் கைகளில் இரண்டு வகைத் தழும்புகள் உண்டு. ஒன்று, உடைமரத்து முள் கீறியது. இன்னொன்று, அவள் புருஷன் செல்லப்பா தந்தது. எது எந்தத் தழும்பு என்று ஊரில் யாருக்கும் தெரியாது. யாராவது உற்றுப் பார்த்தால், "முள்ளு கீறிட்டு அண்ணாச்சி" என்று சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொள்வாள். கேட்டவரும் நம்பிவிடுவார். முள்ளுக்குள்ளேயே கைவிட்டுப் பிழைக்கிறவள் அல்லவா!

சங்கரன்கோவில் மார்க்கெட் வாசலில், வாழையிலைக்காரருக்கும் எலுமிச்சைக்காரிக்கும் நடுவே ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்திருப்பாள். சாக்கின் மேல் விரல் நீளத்துக்குப் பச்சைக் குச்சிகள், நார் போட்டுக் கட்டிய சின்னச் சின்னக் கட்டுகள். கள்ளிமுளையான். புளியும் வத்தலும் உளுந்தும் வறுத்து வைத்து அரைத்தால், துவையல் நாக்கில் புளிப்பும் கசப்புமாக நிற்கும். சர்க்கரை வியாதிக்காரர்கள் தேடி வருவார்கள்.

அது வளரும் இடம் குருவிகுளம் ஒன்றியத்தில், அவள் ஊருக்குக் கிழக்கே இருக்கும் பொத்தை. மலை என்று சொல்ல முடியாத பாறைக் குன்றுக்கு எங்கள் பக்கத்தில் பொத்தை என்றுதான் பெயர். அதன் மேற்குச் சரிவு முழுக்க உடைமரம். கிழக்கே, முன்பொரு காலத்தில் கல் உடைத்துவிட்டுப் போட்டுப்போன ஆழமான கிடங்கு. மழை பெய்தால் கிடங்கில் தண்ணீர் கட்டிக்கொள்ளும்.

கள்ளிமுளையான் வெட்டவெளியில் பிழைக்காது. ஆடு கடித்துவிடும், இல்லையென்றால் வெயில் கருக்கிவிடும். பாறை வெடிப்பில் ஒரு கைப்பிடி மண் இருக்கவேண்டும், மேலே முள் கவிந்திருக்கவேண்டும். அந்த நிழலுக்குள் இலையே இல்லாமல், நாலு பட்டையாக, சாம்பல் பூத்த பச்சையில் நிமிர்ந்து நிற்கும். மழை விழுந்ததும் நுனியில் கருஞ்சிவப்பாகக் குட்டிக் குட்டிப் பூக்கள் தொங்கும். பூவின் ஓரத்தில் மெல்லிய மயிர்கள். காற்றே இல்லாத நேரத்திலும் அவை நடுங்கும்.

பூமாரி கத்தி எடுக்கமாட்டாள். நகத்தால் கிள்ளுவாள். வேரோடு இரண்டு கணு நிற்கும்படி விட்டுவிடுவாள். ஆட்டுக்கொம்பு போல ஜோடியாகக் காய் விட்ட செடியைத் தொடவே மாட்டாள். காய் வெடித்து, பஞ்சு முளைத்த விதைகள் பறந்த பிறகுதான் அதன் முறை.

இந்தச் செடியை அவளுக்கு யார் காட்டியது? பசிதான். மேலநீலிதநல்லூர்ப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்த முதல் மாதம். குழம்பில் உப்பு ஏறிப்போனதற்காகச் செல்லப்பா அவளை மிதித்துத் தெருவில் தள்ளிக் கதவைப் பூட்டினான். கடைவாய்ப் பல் ஒன்று உடைந்து கையில் விழுந்தது. பிறந்த வீட்டுக்குப் போக வெட்கம். பொத்தையில் போய் உட்கார்ந்தாள். ஆடு மேய்த்தவர்கள் முள்ளுக்குள்ளிருந்து எதையோ கிள்ளி மென்றுகொண்டிருந்தார்கள். அவளும் கிள்ளினாள். இரத்தம் கசிந்த வாயில் அந்தப் புளிப்பு எரிந்தது. ஆனால் பசி அடங்கியது, தாகமும் அடங்கியது! அன்று சாயங்காலம் வரை அவளுக்குச் சோறு போட்டது அந்தச் செடிதான். தாய்வீடு என்று பிறகு அவள் மனம் சொன்னதெல்லாம் அந்த மேற்குச் சரிவைத்தான்.

அதே செடியில் தடித்த சாதி ஒன்றும் உண்டு. அதை ஆடுகூட முகர்ந்துவிட்டு விலகும். அதன் பூ எலுமிச்சை அளவு உருண்டையாக, ஈரல் நிறத்தில் இருக்கும். பூத்தால் செத்த மாட்டின் நாற்றம் அடிக்கும். ஈ மொய்க்கும். புரட்டாசியில் இரண்டு மழை விழுந்தால் பொத்தையில் அந்த நாற்றம் எழும்பிவிடும். ஊரார் அதை நாத்தப்பூ என்றார்கள்.

அந்த நாத்தப்பூதான் பூமாரியின் வாழ்க்கையில் விளையாடியது.

போன புரட்டாசிக்கு முன்னால் விஜயராஜ் வந்தான். திருவேங்கடம் சாலையில் சரக்குக் கிட்டங்கி வைத்திருப்பவன். கள்ளிமுளையானைக் காயப்போட்டு வெளியூருக்கு மூட்டை மூட்டையாக அனுப்புவான். உடம்பு இளைக்கும் மாத்திரைக்கு அது போகிறதாம். மார்க்கெட் வாசலில் குந்தி உட்கார்ந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக் கேட்டான்.

"அக்கா, கட்டு கட்டா வித்து என்னைக்கு முன்னேறப் போறிய? இடத்தை மட்டும் காட்டுங்க. ஆள் நான் விடுதேன்."

"உம்ம ஆளு கடப்பாரையோடல்லா வருவான்."

"பின்ன, சீப்பு வச்சா சீவ முடியும்?"

"அப்ப உம்ம தலையச் சீவிக்கிட்டுப் போரும்" என்றாள் பூமாரி. எலுமிச்சைக்காரி குலுங்கிச் சிரித்தாள். விஜயராஜின் தலை வழுக்கை.

அவனும் சிரித்துக்கொண்டேதான் போனான். மனசு மாறினால் கூப்பிடச் சொல்லி அவள் போனில் தன் நம்பரைப் போட்டுவிட்டு, அவள் நம்பரையும் வாங்கிக்கொண்டான். ஆனால் விஷயத்தைச் செல்லப்பாவின் காதில் போட்டுவிட்டான். அன்றிலிருந்து வீட்டில் தினமும் அடி. "இடத்தைக் காட்டுட்டி!" என்று கேட்டு ஓர் அடி. பதில் சொல்லாததற்கு இன்னோர் அடி. அவள் காட்டவில்லை.

மகன் லிங்கேஷ் சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறான். இருபத்திரண்டு வயது. ஒருநாள் குறுக்கே விழுந்து அப்பன் கையைப் பிடித்தான். செல்லப்பா அந்தக் கையைக் கடித்துச் சதையைப் பெயர்த்துவிட்டான். அதற்குப் பிறகும் அந்தப் பிள்ளை, "அடிச்சாலும் எங்கப்பன்லாம்மா" என்றான். பூமாரிக்கு அடியைவிட அந்தச் சொல்தான் வலித்தது. இந்த ரத்தத்தில் எவ்வளவு அவனுடையதோ, எவ்வளவு அவன் அப்பனுடையதோ!

பேருந்து நிலையத்து டீக்கடையில் ஒரு சாயங்காலம் செல்லப்பாவும் விஜயராஜும் மோதிக்கொண்டார்கள். "பொண்டாட்டிகிட்ட ஒரு செடியக் காட்டச் சொல்ல வக்கில்ல, மீச வேறயா வே உமக்கு?" என்றான் விஜயராஜ். கடை முழுக்கச் சிரித்தது. செல்லப்பா கொதிக்கிற டீயை அவன் முகத்தில் வீசினான். விஜயராஜ் சோடா பாட்டிலை உடைத்துக்கொண்டு பாய்ந்தான். ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். வெந்த கன்னத்தோடு அவன் கத்தியது தெரு முழுக்கக் கேட்டது.

"அந்தப் பொத்தையிலேயே உன்னப் பொதைக்கலைன்னா எம்பேரு விஜயராஜ் இல்லலே!"

வீட்டுக்கு வந்த செல்லப்பா அந்த அவமானத்தையெல்லாம் பூமாரியின் மேல் இறக்கினான். உலக்கையின் பூண் அவள் நெற்றியில் பட்டது. அவள் நினைவு திரும்பியபோது விடிந்திருந்தது. செல்லப்பாவையும் காணோம், அவன் வண்டியையும் காணோம்.

எங்கேயாவது குடித்துக் கிடப்பான் என்று இரண்டு நாள் யாரும் தேடவில்லை. மூன்றாம் நாள் அவன் பைக் பொத்தை அடிவாரத்தில், புதருக்குள் சாய்ந்து கிடந்ததை ஒருத்தர் பார்த்தார். ஊர் திரண்டது.

பொத்தையின் ஒவ்வொரு பாறை இடுக்கும் புடவும் பூமாரிக்குத் தெரியும் என்பதால் அவளே முன்னால் நடந்தாள். நெற்றிக் கட்டோடு நடந்தாள். மேற்குச் சரிவை அலசிவிட்டு உச்சியைத் தாண்டியபோது கிழக்கிலிருந்து காற்று அடித்தது. கூடவே ஒரு நாற்றம். எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள்.

லிங்கேஷின் முகம் வெளுத்தது. "எம்மா... என்ன வாடைம்மா இது?"

"பயப்படாத மக்கா. நாத்தப்பூ. மழை விழுந்துட்டுல்லா, பூத்திருக்கும்."

"கீழ எறங்கிப் பாத்துருவமா?"

"பூவை என்னத்தப் பாக்க? வருசா வருசம் அடிக்கிற நாத்தந்தானே."

அடுத்த வீட்டுப் பரமசிவன் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு, "மதினி, உம்ம பூவுக்கு ஒரு சென்ட் பாட்டில் வாங்கி அடிச்சு விடப்படாதா?" என்றான். அந்த நேரத்திலும் இரண்டு பேர் சிரித்தார்கள். கூட்டம் திரும்பியது. பூமாரி சொன்னால் சொன்னதுதான். அந்தச் செடி விஷயத்தில் அவள் ஒருநாளும் தவறியதில்லை.

செல்லப்பா பொத்தையில் இல்லை என்று முடிவானது. அப்படியானால் எங்கே? ஊர் முழுக்க ஒரே பதில்தான். விஜயராஜ் அடித்து எங்கோ புதைத்துவிட்டு, வண்டியைக் கொண்டுவந்து இங்கே போட்டிருக்கிறான்! போலீஸ் விஜயராஜைக் கூப்பிட்டு விசாரித்து வீட்டுக்கு அனுப்பியது. லிங்கேஷ் அன்று சோறு தின்னவில்லை. தறிக்கும் போகவில்லை. கொல்லையில் உட்கார்ந்து எதையோ கல்லில் தீட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. முள் வெட்டும் வெள்ளரிவாள் என்று நினைத்துக்கொண்டாள் பூமாரி. நினைத்துக்கொள்ள விரும்பினாள்.

மறுநாள் காலை, பரமசிவன் மனைவி யோகலட்சுமி கஞ்சி கொண்டுவந்தாள். பூமாரியின் தலைக்கட்டை அவிழ்த்து மஞ்சள் பற்றுப் போட்டபடி ஏதேதோ பேசினாள், துக்கத்தைத் திசை திருப்புவதற்காக.

"ஏக்கா, நானும் கேக்கணும்னு இருந்தேன். இத்தன வருசமா பறிக்கிய, அந்தக் கிடங்குப் பக்கம் மட்டும் ஒருநாளும் போனதில்லையே, ஏன்?"

"அங்கன என்ன கெடக்கு? தண்ணி நிக்கிற எடம்லா. தண்ணி நின்னா கள்ளிமுளையான் வேரழுகிப் போயிரும். நல்ல சாதியும் வராது, நாத்த சாதியும்..."

சொல் பாதியில் நின்றது. கஞ்சிச் செம்பு கையிலிருந்து நழுவி உருண்டது.

கிழக்குக் காற்று! கிழக்கே இருப்பது கிடங்கு. கிடங்கில் நாத்தப்பூ பூக்காது. இத்தனை வருஷத்தில் ஒரு பூகூட அங்கே பூத்ததில்லை. அப்படியானால் நேற்று அடித்த நாற்றம்?

அவளுக்குத் தெரியாததா இது? தெரிந்ததுதான். பிறகு ஏன் வாய் அப்படிச் சொன்னது? பழக்கமா? அல்லது உலக்கை பட்ட நெற்றிக்குள் ஏதோ ஒன்று, கிடக்கட்டும் என்று சொல்லியதா?

அப்போதுதான் பரமசிவன் வாசலில் ஓடிவந்து நின்றான். "மதினி, உம்ம மவன் அருவாள முதுகுல சொருகிக்கிட்டு என் வண்டிய எடுத்துட்டுப் போயிட்டான்! விஜயராஜ் கிட்டங்கிக்குத்தான் போறான். மறிச்சேன், என்னையே வெட்ட வந்துட்டான் பாவிப்பய!"

பூமாரி மகனுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். அணைத்துவிட்டான். மகன் பின்னால் ஓடினால் பிடிக்க முடியாது. பிடித்தாலும் அவன் கேட்கமாட்டான். அவனை நிறுத்த உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு. கிடங்கில் கிடக்கிற அவன் அப்பன் உயிரோடு இருக்கவேண்டும்! எவன் சாகட்டும் என்று எத்தனையோ முறை கண்ணீர் விட்டாளோ, அவனைப் பிழைத்திருக்கச் சொல்லி வேண்டிக்கொண்டே ஓடினாள். கோமதித் தாயே, அவன் எனக்கு வேண்டாம். என் பிள்ளை கையில் கொலை வேண்டாம். அதற்காக அவனை வை!

செருப்பு ஒரு பக்கம் போனது. நெற்றிக் காயம் திறந்து கண்ணில் இரத்தம் வழிந்தது. யோகலட்சுமியும் பரமசிவனும் பின்னால் ஓடிவந்தார்கள். அவள் உச்சியைத் தாண்டி, கிடங்கின் விளிம்பில் மல்லாந்து சறுக்கி இறங்கினாள். நாற்றம் சுவர் போல முகத்தில் அறைந்தது.

செல்லப்பா கிடந்தான்.

வலது கால் முழங்காலுக்குக் கீழே ஒரு பாறைக்கு அடியில் இருந்தது. அது கறுத்து, வீங்கி, வெடித்து, ஈ அப்பிக் கிடந்தது. நாற்றம் அங்கிருந்துதான் வந்தது. கிடங்கில் தேங்கிய மழைத்தண்ணீர் கைக்கு எட்டாத தூரத்தில் கிடந்தது. பக்கத்தில் கடப்பாரை. ஒரு சாக்கு. சாக்கிலிருந்து வேரோடு பிடுங்கிய கள்ளிமுளையான் சரிந்திருந்தது. பெண்டாட்டி காட்டாத இடத்தைத் தானே தேடிப்போய், உச்சியில் கண்ட செடியையெல்லாம் பெயர்த்துக்கொண்டு, குறுக்குவழியில் இறங்கும்போது பாறை புரண்டிருக்கிறது.

அவன் வாயோரத்தில் பச்சை நுரை காய்ந்திருந்தது. கையில் பாதி கடித்த குச்சி. பசிக்கும் தாகத்துக்கும் அதைத்தான் மென்றிருக்கிறான். எந்தச் செடியை வேரறுத்தானோ, அந்தச் செடிதான் இத்தனை நாள் அவன் உயிரைப் பிடித்து வைத்திருந்தது. பிடுங்கிப் போட்டும் அது சாகவில்லை. சாக்குக்குள் பூத்திருந்தது!

அவன் கண் திறந்தது. அவளைப் பார்த்ததும் பயத்தில் விரிந்தது. "நாத்தப்பூன்னு சொன்னியேட்டி..." என்றான், குரலே இல்லாமல். "கேட்டுக்கிட்டுத்தான் கெடந்தேன். கூப்பிடத் தொண்ட வரல. பூவை என்னத்தப் பாக்கன்னு சொன்னியே..."

பூமாரி போனை உயர்த்தினாள். லிங்கேஷ் எடுக்கமாட்டான். வேறு யார்? விஜயராஜ்! அவனுடைய நம்பர்தான் போனிலேயே இருக்கிறதே.

அதே நேரத்தில் கிட்டங்கியில் வேலையாட்கள் சிதறி ஓடிவிட்டார்கள். காயப்போட்ட கள்ளிமுளையான் மேல் விஜயராஜ் மல்லாந்து கிடந்தான். அவன் நெஞ்சில் லிங்கேஷின் முழங்கால்.

"எங்கப்பன எங்கலே பொதச்ச?"

"சாமி சத்தியமா எனக்குத் தெரியாது தம்பி! அன்னைக்கு வாய் தவறிச் சொன்னதுதான். எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ள இருக்கு தம்பி..."

விஜயராஜின் போன் தரையில் கிடந்து அலறியது. திரையில் எழுத்து மின்னியது: பூமாரி அக்கா.

லிங்கேஷ் அதைப் பார்த்தான். அவன் மூளைக்குள் என்ன பாம்பு புகுந்ததோ! "எங்கம்மா உனக்கு எதுக்குலே போன் போடுதா?" என்று கூவி அரிவாளை ஓங்கினான். தலைக்கு இறங்கிய வெட்டை விஜயராஜ் கையால் தடுத்தான். இரண்டு விரல்கள் துண்டாகி அந்தப் பச்சைக் குச்சிகளுக்குள் விழுந்தன. இரத்தம் லிங்கேஷின் முகத்தில் தெறித்தது. வெட்டுப்பட்டவன் மாடு மாதிரி கதறினான். மற்றக் கையால் போனைத் தட்டுத்தடுமாறி அழுத்தினான், யாராவது காப்பாற்றமாட்டார்களா என்று.

இரண்டாவது முறை அரிவாள் உயர்ந்தபோது போனிலிருந்து பூமாரியின் குரல் வெடித்தது. "லிங்கேஷு! உங்கப்பன் சாகலலே! இந்தா, கேளுலே!"

பிறகு ஒரு கரகரப்பு. மூச்சு இழுக்கும் சத்தம். காய்ந்த தொண்டையிலிருந்து வந்தது ஒரு வசவு. பிறந்ததிலிருந்து தினமும் காலையில் லிங்கேஷை எழுப்பிய அதே வசவு.

"ஏலே... நாறப்பயலே... தண்ணி கொண்டாலே..."

உலகத்தில் எந்தத் தகப்பனுடைய ஆசீர்வாதமும் ஒரு பிள்ளையை இப்படிக் காப்பாற்றியிருக்காது. அரிவாள் தரையில் விழுந்து ஒலித்தது. லிங்கேஷ் தன் துண்டைக் கிழித்து விஜயராஜின் கையைச் சுற்றிக் கட்டினான். கட்டிக்கொண்டே விம்மி விம்மி அழுதான். போலீஸ் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரியில் செல்லப்பாவின் காலை முழங்காலோடு எடுத்தார்கள். லிங்கேஷ் மேல் வெட்டு வழக்கு. கொலை வழக்கு இல்லை. அந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான் அந்தத் தாய் பொத்தையில் உருண்டாள். ஜாமீனில் வந்த பிள்ளை தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறான். விஜயராஜ் இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டான். வழக்கை வாபஸ் வாங்கமாட்டேன் என்கிறான். அதில் என்ன தப்பு? போனவை அவன் விரல்கள்.

கிடங்கிலிருந்து கொண்டுவந்த சாக்கு கொல்லையில் கிடந்தது. தண்ணீர் காட்டாமலே அந்தச் செடிகள் பச்சையாக இருந்தன. ஒருநாள் லிங்கேஷ் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மாவோடு பொத்தைக்கு ஏறினான். உடைமரத்தடியில் குப்புறப் படுத்து, முள்ளுக்குள் கைவிட்டு, வெடிப்பு வெடிப்பாக அதை ஊன்றினான். இறங்கி வந்தபோது அவன் கையெல்லாம் கீறல். "எரியுதாலே?" என்றாள் பூமாரி. "எரியட்டும்மா" என்றான்.

செல்லப்பா இப்போது வீட்டில்தான். வாய் குறையவில்லை. போன மாதம் ஒரு மத்தியானம், சோறு ஆறிப்போயிற்று என்று கட்டைக்காலை உருவி ஓங்கினான். பூமாரி விலகவில்லை. தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தாள். அவன் கை நடுவானத்தில் நின்றது.

"நீ அன்னைக்குத் தெரிஞ்சேதானேட்டி சொன்ன?" என்றான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவனை அரித்துக்கொண்டிருந்த கேள்வி அது. தெரியாமல் சொன்னேன் என்று அவளும் சத்தியம் செய்யாத சாமி இல்லை.

அன்று அவள் சத்தியம் செய்யவில்லை. சாக்கை உதறி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"நீரு நம்பமாட்டீரு. சரி, தெரிஞ்சேதான் சொன்னேன்னே வச்சுக்கிடும்."

வாசலைத் தாண்டும்போது பின்னால் கட்டைக்கால் தரையில் மெதுவாக வைக்கப்படும் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மேற்குச் சரிவில் வெயில் சாய்வதற்குள் கிள்ளி முடிக்கவேண்டும்.